யாரைக் கண்டால் பயம்

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால், கதை நன்றாக இருந்ததா என்று லைப்ரரி மிஸ் ஒருநாளும் கேட்டதில்லை. முழுசாகப் படித்தாயா என்றும் கேட்க மாட்டார். புத்தகத்தை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக நம்மைப் பார்ப்பார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

“இதுல யாரக் கண்டா உனக்குப் பயமா இருந்துச்சி?”

பேய்க்கதையோ சிரிப்புக் கதையோ, கேள்வி மாறாது. “யாரக் கண்டும் இல்ல மிஸ்” என்றால், “சும்மா சொல்லாத” என்பார். பதில் வரும்வரை அடுத்த புத்தகம் கைக்கு வராது. பையன்கள் பலபேர் இதற்குப் பயந்தே லைப்ரரி பக்கம் வருவதை விட்டுவிட்டார்கள். லைப்ரரி பீரியட் வந்தால் கிரவுண்டுக்கு ஓடிவிடுவார்கள். நாங்கள் பெண்கள்தான் வரிசையில் நிற்போம்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், பைபாஸ் ஓரமாக இருந்தது எங்கள் உயர்நிலைப்பள்ளி. லைப்ரரி என்பது சயின்ஸ் லேபின் பாதி. நடுவில் ஒரு தட்டி, இந்தப் பக்கம் சில இரும்பு பீரோக்கள், ஒரு மேசை, ஒரு நீளப் பெஞ்சு. ஜன்னலைத் திறந்தால் ரோட்டுப் புழுதி உள்ளே வந்துவிடும் என்பதால் எப்போதும் சாத்தியே இருக்கும். கனமான லாரி போனால் பீரோக் கதவுகள் தானாக நடுங்கும்.

அவர் உண்மையில் தையல் டீச்சர். பள்ளியில் இருந்த தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகி மூலைக்குப் போனபிறகு, “சும்மாதான இருக்கீங்க, லைப்ரரியப் பாத்துக்குங்க” என்று எச்.எம். சாவியைக் கொடுத்துவிட்டாராம். நல்ல உயரம். ஒல்லியான உடம்பு, லேசான கூன். கண்ணாடி வளையலில் ஊக்குகள் கொத்தாகத் தொங்கும். ரவிக்கைத் தோளில் நூல் கோத்த ஊசி ஒன்று எப்போதும் குத்தியிருக்கும். கிழிந்த புத்தகங்களைப் பசை போட்டு ஒட்ட மாட்டார், தைத்துவிடுவார். விரலில் இரும்பு உறையை மாட்டிக்கொண்டு, தடித்த அட்டையில் ஊசியை அழுத்தி இறக்கும்போது ‘சதக்’ என்று ஒரு சத்தம் வரும். பதில் யோசித்துக்கொண்டு எதிரில் நிற்கும்போது அந்தச் சத்தம் வயிற்றுக்குள் கேட்கும்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது முதன்முதலாக அவரிடம் ஒரு புத்தகம் வாங்கினேன். ஆற்றங்கரை ஊரில் வெள்ளம் வருகிற கதை. திருப்பிக் கொடுக்கும்போது, “ஆத்தக் கண்டா பயமா இருந்துச்சி மிஸ்” என்றேன்.

“சும்மா சொல்லாத. நீ ஆத்துக்குப் பயப்படற ஆளு இல்ல.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஊசியை இறக்கினார், இழுத்தார். அவசரப்படுத்தவே இல்லை. கடைசியில் எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது.

“அந்த அப்பா மிஸ். கோவம் வந்தா பேசாமயே இருப்பாரு இல்ல, அவரு.”

“ம்.” அவ்வளவுதான் சொன்னார். ஏன் என்று கேட்கவில்லை. பீரோவுக்குப் போய் வேறொரு புத்தகத்தை எடுத்து வந்து கொடுத்தார்.

எங்கள் அப்பா அப்படித்தான். அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். பேச்சை நிறுத்திவிடுவார். அவர் பேசாத நாட்களில் வீட்டில் டிவி ஓடாது. அம்மா பாத்திரத்தைக் கூடச் சத்தமில்லாமல் கழுவுவாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த வருஷம் முழுக்க மிஸ் எனக்குக் கொடுத்த கதைகளில் எல்லாம் எங்கேயாவது ஒரு பேசாத மனிதர் உட்கார்ந்திருந்தார். ஒரு கதையில் அவர் பேசாததற்குக் காரணம் இருந்தது. ஒரு கதையில் இல்லை. இன்னொன்றில் மகளே ஒருநாள் போய், “இன்னாப்பா ஆச்சி?” என்று கேட்டுவிடுகிறாள். படிக்கப் படிக்க எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, முதுகு சில்லென்றும் இருந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் யாரோ ஓட்டை போட்டுப் பார்ப்பதுபோல.

மற்ற பெண்களுக்கும் இது தெரிந்துதான் இருந்தது. ஆனால் அவர்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள்.

எட்டாவது படித்த ஒரு பெண்ணுக்கு, அம்மா இல்லாத சிறுமி வீட்டுக்குச் சமைத்துப் போடுகிற கதையைக் கொடுத்தார். அந்த மாதமே அவளுடைய அம்மாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த அம்மா திரும்பி வரவில்லை. அப்புறம் ஒன்பதாவது பெண் ஒருத்திக்குக் குடிகாரன் கதை. அவளுடைய அண்ணன் குடித்துவிட்டு பைக்கோடு விழுந்து காலை முறித்துக்கொண்டான். போதாதா? “அந்த மிஸ்ஸு புக்கு குடுத்தா வீட்ல எதுனா நடக்கும்டி” என்று பேச்சு கிளம்பிவிட்டது. புத்தகம் வாங்கும்போது அவர் விரல் பட்டுவிடக் கூடாது என்று ஒரு பழக்கம் வந்தது. ஓரத்தை மட்டும் நுனி விரலால் பிடித்து இழுத்துக்கொள்வோம். அவருக்கு அது தெரியாமலா இருக்கும்? கொஞ்ச நாளில் அவரே புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

சில அம்மாக்கள் எச்.எம்.மிடம் வந்து சண்டை போட்டார்கள். “ராசியில்லாத கை சார். எங்க புள்ளைங்களுக்கு அவங்க கையால ஒன்னும் குடுக்க வேணாம்.” எச்.எம். அவரைக் கூப்பிட்டு, பொதுஅறிவுப் புத்தகங்களாகக் கொடுக்கச் சொன்னார். அவர், “சரிங்க சார்” என்றார். பழையபடியே கொடுத்துக்கொண்டிருந்தார்.

அம்மா செத்துப்போன அந்த எட்டாவது பெண்ணிடம் நான் பின்னால் பேசியிருக்கிறேன். அம்மா அதற்கு முன்பே பல மாதமாகப் படுக்கையாம். வீட்டில் யாரும் இவளிடம் ஒன்றும் சொல்லவில்லையாம். “அடுப்பக் கண்டா பயமா இருக்கு மிஸ்னு நான்தாங்கா சொன்னேன். அதுக்கப்புறம்தான் அந்தப் புக்க குடுத்தாங்க. அதுல அந்தப் பொண்ணு மொதல்ல கஞ்சி வைக்கக் கத்துக்கும். நானும் அதையேதான் வச்சேன்” என்றாள்.

நந்தினி என் வகுப்பு, என் ஊர். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி உள்ளே போகிற ரோட்டில் எங்கள் ஊர். அவளுடைய அப்பாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம். கேப்பையும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் போடுவார். அக்கா பவித்ரா பத்தாவது முடித்ததும் மேற்கே ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போய்விட்டாள். அங்கேயே ஹாஸ்டல், அங்கேயே சாப்பாடு. சில வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு நகை போட்டு அனுப்புவார்கள் என்று பேச்சு. சேர்த்துவிட்டது ஒரு பெண். ஊரில் எல்லோரும் அவளை மில்லு அக்கா என்பார்கள்.

மில்லு அக்காவைப் பிடிக்காதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. வட்ட முகம். வாய் நிறையச் சிரிப்பு. வரும்போதெல்லாம் ஸ்வீட் பாக்ஸ், பெண்களுக்கு கிளிப்பு, வளையல், மல்லிகைச் சரம். ஒவ்வொரு வீட்டுக் குழந்தையின் பெயரும் தெரியும். எனக்கும் ஒருமுறை சிவப்புக் கல் வைத்த கிளிப்பு கொடுத்தாள். “எம்மாம் நீள முடி கண்ணு உனக்கு!” என்று பின்னலைத் தூக்கிப் பார்த்தாள்.

பத்தாவது படிக்கும்போது நந்தினி ஒரு மெல்லிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். நான் பின்னால் நின்றேன். ஆறாவது பிள்ளைகள் படிக்கிற கதை அது. ஒரு சிறுமி அத்தையோடு திருவிழாவுக்குப் போவாள். அத்தை ராட்டினம் ஏற்றுவாள், வளையல் வாங்கித் தருவாள், பொழுது சாய்வதற்குள் வீட்டில் கொண்டுவந்து விடுவாள். கெட்டவர் என்று ஒருத்தர் கூட அதில் இல்லை.

“யாரக் கண்டா பயமா இருந்துச்சி?”

“அந்த அத்தையக் கண்டா மிஸ்.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஊசி பாதியில் நின்றுவிட்டது.

“வளையலு வாங்கிக் குடுத்தாளே, அவளையா?”

“ஆமா மிஸ்.”

“ஏன்?”

“ஒன்னுமே கேக்காம வாங்கிக் குடுக்கறாங்களே மிஸ்.”

அவர் என்னை வெளியே போகச் சொன்னார். போவதுபோலப் போய்த் தட்டிக்குப் பின்னால் நின்றேன். நந்தினியைப் பெஞ்சில் உட்காரவைத்தார். யாரையும் அவர் உட்காரவைத்து நான் பார்த்ததில்லை.

“உங்க ஊட்டுக்கு யாரு வர்றாங்க அப்பிடி?”

மில்லு அக்கா வருகிறாள் என்று நந்தினி சொன்னாள். பொங்கல் கழிந்ததும் தன்னையும் கூட்டிப்போகப் போகிறாள், பத்தாவது பரீட்சை எழுத வேண்டிய அவசியமில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள் என்றாள்.

“அக்கா போன் பண்ணுமா?”

“ஞாயித்துக்கெழமைல பண்ணும் மிஸ்.”

“இன்னா பேசும்?”

“‘நல்லா இருக்கேன், சாப்ட்டேன், வச்சிடறேன்’னு சொல்லும்.”

“வேற?”

“அவ்ளோதான் மிஸ். எப்பவும் அதான் சொல்லும். எங்க ஆட்டுக்குட்டியப் பத்தி கூட இப்பல்லாம் கேக்கறதில்ல.”

அப்புறம் ‘சதக்’ என்று ஊசி இறங்கியது. “ஸ்” என்றார் அவர். விரலில் குத்திக்கொண்டிருக்க வேண்டும். அவர் குத்திக்கொண்டு நான் கேட்டது அது ஒருமுறைதான்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் ஊருக்கு வந்தார். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்து, டோல்கேட்டில் இறங்கி, வெயிலில் நடந்து வந்திருக்கிறார். அவரை ரோட்டில் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. பள்ளிக்கூடத்துக்குள் இருந்தது ஊருக்குள் வந்துவிட்டதே என்று. நந்தினி வீட்டு வாசலில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. அவளுடைய அம்மா வேகவைத்த மல்லாட்டையைத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை. நான் நந்தினியோடு தூணோரம் நின்றேன்.

“பெரிய பொண்ணக் கடைசியா எப்பப் பாத்தீங்க?” என்று கேட்டார்.

“போன வருஷம் வுட்டுட்டு வந்தது டீச்சர். தீபாவளிக்கு லீவு குடுக்கல. பொங்கலுக்கு வரும்னாங்க” என்றார் நந்தினியின் அப்பா.

“நீங்க போய்ப் பாக்கலையா?”

“ஆம்பளைங்கள உள்ள வுட மாட்டாங்களாம்.”

“அம்மாவ வுடுவாங்க இல்ல?”

நந்தினியின் அம்மா நிமிர்ந்து தன் கணவரைப் பார்த்தாள். அவர் முகம் மாறிவிட்டது.

“இன்னா டீச்சர் சொல்ல வர்றீங்க?”

“சின்னதை அனுப்பாதீங்க. பெரியத ஒரு தபா போய்ப் பாத்துட்டு வாங்க. எனக்கு நல்லதாப் படல.”

அதுதான் தப்பாகப் போயிற்று. ராசியில்லாத கை என்ற பேச்சு எங்கள் ஊர்வரைக்கும் வந்திருந்தது. அந்த வாயால் ‘நல்லதாப் படல’ என்றதும் நந்தினியின் அப்பா எழுந்துவிட்டார். “எம்பொண்ணுங்கள எனக்குப் பாத்துக்கத் தெரியும். நீங்க புக்க பாத்துக்கினு இருங்க. எங்க ஊட்டு வாசல்ல வந்து அபசகுனமாப் பேசாதீங்க” என்றார். மிஸ் போன பிறகு நந்தினியின் அம்மா வாசலில் தண்ணீர் தெளித்தாள். அவள் கை தெளித்ததே தவிர, கண் டோல்கேட் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

பொங்கல் வந்தது. பவித்ரா வரவில்லை. மில்லில் ஆர்டர் அதிகம் என்றாள் மில்லு அக்கா. நந்தினிக்குப் புதுச் சுடிதார் கொண்டுவந்திருந்தாள்.

வேன் வந்தது பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற நேரம். பிள்ளையார் கோயில் முனையில் வெள்ளை வேன். பக்கத்து ஊர்ப் பெண்கள் சிலர் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி பை. நந்தினி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் ஸ்கூல் பையோடு நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினான். அப்போது டோல்கேட் பக்கமிருந்து ஒரு ஷேர் ஆட்டோ வந்து வேனுக்கு முன்னால் நின்றது. அதிலிருந்து அவர் இறங்கினார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நந்தினி சொல்லியிருக்க வேண்டும்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. வேன் கதவைத் திறந்து, உள்ளே பார்த்து, “எறங்கு. இன்னிக்கு லைப்ரரி பீரியட்” என்றார்.

மில்லு அக்கா முன் சீட்டிலிருந்து இறங்கி வந்தாள். அப்போதும் சிரிப்பு அப்படியே இருந்தது. “டீச்சரம்மா, இன்னாத்துக்குப் பேஜாரு பண்றீங்க? பெத்தவங்க சம்மதிச்சி அனுப்பறாங்க.”

“பதினஞ்சு வயசுப் பொண்ணு. போலீசுல சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். வர்றாங்க.”

மில்லு அக்கா ரோட்டை ஒருமுறை பார்த்தாள். அவர் போலீசில் சொன்னது உண்மை. ஆனால் யாரும் வரவில்லை, அன்றைக்கு முழுக்க வரவில்லை. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் மில்லு அக்காவுக்குத் தெரியாது. நந்தினியின் பையை எடுத்து வெளியே வைத்தாள். “எறங்கு கண்ணு. பெரியவங்க சண்டையில நீ எதுக்கு?” என்று கன்னத்தைத் தட்டினாள். நந்தினி இறங்கினாள்.

“மத்த பொண்ணுங்களையும் எறக்குங்க” என்றார் அவர்.

“அவங்கல்லாம் பதினெட்டு முடிஞ்சவங்க. கேட்டுப் பாருங்க.”

அவர் வேனுக்குள் தலையை நீட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “யாருக்காவது எறங்கணுமா? பயப்படாம சொல்லுங்க.” யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு பெண் மட்டும் எழுந்திருப்பதுபோல அசைந்தாள், மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் நந்தினியின் அப்பா வந்து அவர் தோளைப் பிடித்துத் தள்ளினார். மிஸ் கல்லில் தடுக்கி விழுந்தார். கண்ணாடி உடைந்தது. வேன் ஒதுங்கிக் கிளம்பிப் போயிற்று. யாரும் அவரைத் தூக்கவில்லை. அவரே எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வேன் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். புழுதி அடங்கிய பிறகும் நின்றார்.

அப்புறம் நடந்தது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். ஊரில் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு மேலே புகார் கொடுத்தார்கள். வேலைக்குப் போகிற பெண்களைக் கெடுக்கிறார், பிள்ளைகளுக்குக் கண்ட புத்தகங்களைக் கொடுத்துப் பயமுறுத்துகிறார் என்று. பரீட்சைக்கு முன்னாலேயே அவரைக் கடலோரத்தில், பொம்மையார்பாளையம் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். லைப்ரரி பூட்டிக்கொண்டது. நந்தினி பரீட்சை எழுதினாள். இரண்டு பேரும் பாஸ். நான் பிளஸ் ஒன் படிக்கத் திண்டிவனம் போனேன். அவளை அப்பா எங்கும் அனுப்பவில்லை, நிலத்து வேலைக்கு வைத்துக்கொண்டார். என்னோடும் பேசவிடவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒரு மதியம், பவித்ராவை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். வயிற்று வலி என்றார்கள், ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். கூட வந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள். மழை வேறு. பொழுது சாய்வதற்குள் ஏரிக்கரையில் காரியம் முடிந்துவிட்டது. மில்லு அக்கா வரவில்லை. அவள் போன் அணைந்திருந்தது.

சில நாள் கழித்து நந்தினியின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். தாடி முளைத்திருந்தது. எங்கள் அப்பாவைப் பார்த்து, “அந்த டீச்சர் எங்க இருக்காங்கன்னு பள்ளிக்கூடத்துல கேட்டுக்கினு வந்துட்டேன். தனியாப் போவ ஒரு மாதிரியா இருக்கு. பாப்பாவ அனுப்புவியா?” என்றார். எங்கள் அப்பா அப்போது பேசாத நாளில்தான் இருந்தார். ஆனாலும் என்னைப் பார்த்து, “போய்ட்டு வாம்மா” என்றார்.

பாண்டிச்சேரி போய், அங்கிருந்து மரக்காணம் போகிற பஸ்ஸில் ஏறினோம். கோட்டகுப்பத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் மாடியில் மிஸ் குடியிருந்தார். வீட்டுக்காரர் துபாயில். கீழே இருந்த அம்மா எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல், “டீச்சர் மேலதான் இருக்காங்க, போங்க” என்றார்.

அவர் கதவைத் திறந்தார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். நந்தினியின் அப்பாவைப் பார்த்ததும் அவர் பார்வை என்மேல் வந்தது.

“சின்னவளா?”

“இல்ல மிஸ். பெரியக்கா.”

அவர் கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். நந்தினியின் அப்பா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். வயிற்று வலி என்றார்கள், நான் நம்பிவிட்டேன், குளிப்பாட்டும்போது இடுப்பெல்லாம் கறுத்துக் கிடந்ததாக என் பொண்டாட்டி நேற்றுத்தான் சொல்கிறாள் என்று திக்கித் திக்கிச் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. மிஸ்ஸும் அதை எதிர்பார்த்த மாதிரி இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

“எரிச்சீங்களா, பொதச்சீங்களா?”

பெற்றவரிடம் கேட்கிற கேள்வியா இது?

“கல்யாணம் ஆவாத பொண்ணு டீச்சர். பொதச்சோம்.”

“அப்ப எழுந்திரிங்க” என்றார். உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு வந்தார். “இன்னும் உள்ள இருக்கற பொண்ணுங்க இருக்காங்க.”

அன்றைக்கே ஸ்டேஷன், மறுநாள் தாசில்தார் ஆபீஸ், அப்புறம் விழுப்புரம் என்று அலைந்தார்கள். முதலில் யாரும் காதில் வாங்கவில்லை. நந்தினியின் அப்பா பேசப் பேச அழுதுவிடுவார். மிஸ்தான் பக்கத்தில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து எடுத்துச் சொல்வார். கடைசியில் உடலைத் தோண்டியெடுத்துப் பரிசோதிக்க உத்தரவு வந்தது.

ஏரிக்கரையில் தோண்டின அன்று ஊரே தூரத்தில் நின்றது. தாசில்தார் வந்தார், டாக்டர் வந்தார், போலீஸ் வந்தது. துணி கட்டி மறைத்திருந்தார்கள். மண்வெட்டிச் சத்தம் மாறியபோது நந்தினியின் அப்பா மண்ணில் சாய்ந்துவிட்டார். போலீஸ்காரர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வீட்டார் தரப்பில் ஒருத்தர் அடையாளம் சொல்ல வேண்டும் என்றார்கள். மிஸ்தான் துணி மறைப்புக்குள் போனார். நந்தினியின் அம்மா கொடுத்தனுப்பிய அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னார்.

வயிற்று வலி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்திருந்தது. மில்லுக்குப் போலீஸ் போயிற்று. வேனில் போன பெண்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். அன்றைக்கு எழுந்திருக்கப் பார்த்து உட்கார்ந்துவிட்டாளே, அந்தப் பெண்தான் சொன்னாள். பவித்ரா வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். விடவில்லையாம். ஹாஸ்டல் மாடியில் பாத்ரூம் ஜன்னல் வழியாகச் சேலையைக் கட்டி இறங்கப் பார்த்தாளாம். முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

கேஸ் இன்னும் நடக்கிறது. மில்லு அக்கா இன்றுவரை அகப்படவில்லை. அவள் சொன்ன பெயரில் ஒரு ஆளே இல்லை என்கிறார்கள். வேறு ஏதோ ஊரில், வேறு பெயரில், கை நிறைய வளையலோடு அவள் நடந்துகொண்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றும். நந்தினி ஒரு வருஷம் தள்ளிப் படிப்பைத் தொடர்ந்து, பிளஸ் டூ முடித்து, இப்போது திண்டிவனத்தில் நர்சிங் படிக்கிறாள். நான் விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். மிஸ் ரிடையர் ஆகி, திருவெண்ணெய்நல்லூர் பக்கம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. பழைய நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை.

ஏரிக்கரையிலிருந்து திரும்பிய அன்று அவரை டோல்கேட்வரை கொண்டுபோய் விடச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். தூறலில் குடைக்குள் நடந்தோம். அவர் மேல் டெட்டால் வாசனையும் மண் வாசனையும் அடித்தது. திண்டிவனம் போய்த்தான் அவர் பஸ் மாற வேண்டும், ஏற்றிவிட்டுத் திரும்பலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் படியில் கால் வைத்தவர் ஏறாமல் நின்றார். கம்பியைப் பிடித்த கை வழுக்கியது. நானும் கூடவே ஏறிவிட்டேன்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்தார். அவர் வாங்கினார், கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தேன், மறுபடி விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன். அந்தக் கை ஆடிக்கொண்டிருந்தது. வளையல் ஊக்குகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. அவர் மற்ற கையால் அதைப் பிடித்து அடக்கப் பார்த்தார். அதுவும் ஆடியது.

“மிஸ்” என்றேன்.

“ஒன்னுல்ல. நீ எறங்கிக்கோ. மழை வருது.”

நான் இறங்கவில்லை. யாரும் தொடாத அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். சில்லென்று இருந்தது. திண்டிவனம் வந்து சேரும்வரை அது நிற்கவே இல்லை.